யானைக்கும் வௌவாலுக்கும் எட்டுகிற மின்கம்பிகள்

இந்தியாவில் யானைகள் எப்படிக் கொல்லப்படுகின்றன என்று கேட்டால், தந்தத்துக்காகத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகும் கும்பல்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு கொடுத்த கணக்கைப் பார்த்தால் நிலைமை வேறு. 2019-20 முதல் 2023-24 வரையிலான 5 நிதியாண்டுகளில் வேட்டையில் இறந்த யானைகள் 50. விஷம் வைத்து 13. ரயிலில் அடிபட்டு 73. மின்சாரம் தாக்கி இறந்தவை 392. அந்த 392-ல் 49 தமிழ்நாட்டில் இறந்தவை.

யானை பெரிய விலங்கு. செத்தால் கண்ணில் படும், வனத்துறை வரும், வழக்குப் பதிவாகும், கணக்கில் ஏறும். ஒரு மயிலோ பழந்தின்னி வௌவாலோ தேவாங்கோ மின்கம்பத்தில் கருகினால் யார் கணக்கு எழுதுகிறார்கள்? லைன்மேன் வந்து உடலைத் தட்டிவிட்டு, ஃபியூஸைப் போட்டுவிட்டுப் போவார். கரண்ட் வந்துவிட்டது, விஷயம் முடிந்தது. பறவை, பாலூட்டி, பாம்பு என்று மின்கட்டமைப்பில் சாகும் உயிர்களின் பட்டியல் நீளமானது. அதில் நமக்குத் தெரிவது மேலோட்டமான ஒரு பகுதிதான்.

செய்திகளில் இதை எப்போதும் ‘எதிர்பாராத விபத்து’ என்றே எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்த மாதிரிக் கம்பத்தில் எந்த உடலமைப்புள்ள விலங்கு சாகும் என்று ஒரு டேப்பை வைத்து அளந்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, கம்பிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு, கம்பிக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு என்ற மூன்று அளவுகளில்தான் கிட்டத்தட்ட எல்லாமே அடங்கியிருக்கின்றன. அந்த அளவுகளை முடிவு செய்தவர்கள் மனித உடலை மனதில் வைத்து முடிவு செய்தார்கள். இரண்டு மீட்டர் இறக்கை விரிப்பவையும், துதிக்கையை உயர்த்துபவையும், தலைகீழாகத் தொங்குபவையும் அந்தக் கணக்கில் இல்லை.

மைனா ஒன்று 11 ஆயிரம் வோல்ட் கம்பியில் ஹாயாக உட்கார்ந்திருக்கிறது. அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருப்பதால் இரண்டுக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு இல்லை. மின்சாரம் அதன் உடல் வழியாகப் போக வேண்டிய அவசியமே இல்லை. கரிச்சானும் பனங்காடையும் பஞ்சுருட்டானும் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து பூச்சி பிடிப்பதும், தூக்கணாங்குருவி சில இடங்களில் கம்பியிலேயே கூடு கட்டித் தொங்கவிடுவதும் இதனால்தான் சாத்தியம். மரம் குறைந்த வெளியில் மின்கம்பி சின்னப் பறவைகளுக்கு நல்ல இருக்கையும்கூட.

அதே கம்பத்தில் ஒரு மயில் வந்து உட்காரட்டும். கம்பியில் அது உட்காராது, உடல் கனத்துக்குத் தோதாகக் கம்பத்தின் குறுக்கே போட்டிருக்கும் இரும்புச் சட்டத்தில்தான் உட்காரும். நம் ஊர்களில் கம்பம் கான்கிரீட், சட்டம் இரும்பு, அந்த இரும்பு தரைக்குள் இறங்கும் எர்த் கம்பியோடு இணைந்திருக்கும். சட்டத்தின் மேல் பீங்கான் இன்சுலேட்டர், அதன் தலையில் மின்சாரம் ஓடும் கம்பி. மைனாவுக்கு இந்த இடைவெளி போதும். மயிலுக்கோ கழுகுக்கோ போதாது. எழுந்து பறக்க இறக்கையை விரித்த கணத்தில் ஒரு முனை கம்பியைத் தொடும், கால் எர்த்தில் இருக்கும், முடிந்தது. காய்ந்த இறகு மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. நனைந்த இறகு கடத்தும். மழைக்குப் பிறகு இறக்கையை விரித்து உலர்த்த உயரமான இடம் தேடி வந்து உட்காரும் பறவைக்கு ஆபத்து பல மடங்கு கூடுவது இந்தக் காரணத்தால்தான்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை இல்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மோர்லி நெல்சன் என்ற வேட்டைப் பறவைப் பழக்குநர், 1970களில் அங்கிருந்த மின்நிறுவனத்தோடு சேர்ந்து, பழக்கிய கழுகுகளை மின்சாரம் இல்லாத மாதிரிக் கம்பங்களில் இறங்க விட்டு, இறக்கை எங்கே தொடுகிறது என்று படமெடுத்துப் பார்த்தார். அந்த வேலையின் தொடர்ச்சியாக வந்த அளவு 60 அங்குலம். மின்சாரம் ஓடும் இரண்டு பாகங்களுக்கு நடுவே, அல்லது அப்படிப்பட்ட ஒரு பாகத்துக்கும் எர்த்துக்கும் நடுவே கிடைமட்டமாக அவ்வளவு, அதாவது சுமார் 150 சென்டிமீட்டர், இடைவெளி இருந்தால் கழுகு பிழைக்கும். அந்த இடைவெளி விட முடியாத இடத்தில் கம்பிக்கு உறை போட வேண்டும். விடை கிடைத்து அரை நூற்றாண்டாகிறது.

டிரான்ஸ்பார்மர் இன்னும் மோசம். அங்கே உயரழுத்தக் கம்பி, தாழ்வழுத்தக் கம்பி, எர்த்தோடு இணைந்த இரும்புத் தொட்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நெருக்கமாக இருக்கும். அணில், காகம், மரநாய், பூனை, பாம்பு என்று யார் ஏறினாலும் இரண்டு பாகங்களை ஒரே நேரத்தில் தொட்டுவிட முடியும். காகம் கூடு கட்டக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வரும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பானில் காகங்கள் துணி மாட்டும் கம்பிக் கொக்கிகளைத் தூக்கிவந்து மின்கம்பத்தில் கூடு கட்டுவதால், கூடு தேடி அகற்றுவது அங்குள்ள மின்நிறுவனங்களுக்கு ஒரு தொடர்ந்த வேலை.

தொங்குகிறவர்களின் கதை

பழந்தின்னி வௌவால் இறக்கை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். அது உட்காராது, தொங்கும். இந்த ஒரு பழக்கம் போதும், அதன் உயிர் போக.

இலங்கையில் ஹோசே தெல்லா என்ற ஸ்பெயின் நாட்டு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பித் தடங்களை 925 கிலோமீட்டர் தூரம் பார்த்துக்கொண்டே போனார்கள். மின்சாரம் தாக்கிக் கம்பியில் தொங்கிய பழந்தின்னி வௌவால்கள் 300. ஆய்வு 2020-ல் வெளியானது. எண்ணிக்கையைவிட அதில் முக்கியமானது வேறு ஒன்று. அந்த 300-ம் கம்பிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, செங்குத்து அடுக்காகப் போடப்பட்டிருந்த தடங்களிலேயே கிடந்தன. பக்கவாட்டில் கிடைமட்டமாகக் கம்பி போட்ட தடத்தில் ஒன்றுகூட இல்லை.

காரணம் கண்ணால் பார்த்தாலே புரிகிற ஒன்று. மேல்கம்பியைக் காலால் பற்றித் தலைகீழாகத் தொங்கும் வௌவாலின் தலையோ இறக்கையோ நேர் கீழே இருக்கும் அடுத்த கம்பியைத் தொட்டுவிடுகிறது. கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் கீழே வெறும் காற்றுதான், தொங்கிவிட்டுப் பறந்து போயிருக்கும். இந்த அடுக்குக் கம்பங்கள் நம் தெருக்களிலும் நிறைய உண்டு. கருகி, இறக்கை விரிந்த நிலையில் கம்பியில் தொங்கும் வௌவாலைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு.

இன்னொரு தகவலும் அந்த ஆய்வில் வந்தது. இறந்த வௌவால்கள் தெரிந்த கூட்டங்களிலிருந்து 58 கிலோமீட்டர் தள்ளிகூடக் கிடைத்தன. பழந்தின்னி வௌவால் இரை தேடி இரவில் வெகுதூரம் போகிறது. ஆகவே வௌவால் வாழும் ஆலமரத்தைச் சுற்றி மட்டும் கம்பிகளைச் சரிசெய்தால் போதாது. அது ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும். பழ மரங்களின் விதையைப் பரப்புவதும், இரவில் பூக்கும் மரங்கள் சிலவற்றுக்கு மகரந்தம் சேர்ப்பதும் அதன் வேலை. தமிழ்நாட்டில் வௌவால் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கிராமங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில்கூட அடுக்குக் கம்பி பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. மக்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை, இந்தச் சாவுக்கு ஒரு குறிப்பிட்ட காரணமும் ஒரு குறிப்பிட்ட தீர்வும் இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. காப்புறை போட்டு ஒன்றாக முறுக்கிய கேபிளைத் தெருவில் இழுத்துவிட்டால் வௌவால் தாராளமாகத் தொங்கலாம். கொக்கி போட்டு மின்சாரம் திருடுவதும் குறையும் என்பதால் மின்வாரியங்களுக்கும் அதில் லாபம் உண்டு.

ஒரு குரங்கும் ஒரு நாடும்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதுதான் காரணம் என்று மின்துறை அமைச்சர் குமார ஜயகொடி சொன்னார். உலகம் முழுக்கச் செய்தியானது, கேலிப் படங்கள் வந்தன. 2016 ஜூன் 7-ல் கென்யாவிலும் இதேபோல் கிடாரு நீர்மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றி மேல் விழுந்து, நாடு முழுவதும் இருண்டது. அந்தக் குரங்கு பிழைத்துக்கொண்டது.

குரங்கைக் குற்றவாளி ஆக்கிவிட்டால் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமல் போய்விடும். ஒரு துணைமின்நிலையத்தில் ஒரு பழுது வந்தால் அந்தப் பகுதி மட்டும் துண்டிக்கப்பட்டு மற்ற இடங்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாதுகாப்பு ரிலேக்கள் இருப்பதே அதற்காக. இலங்கையில் அன்று விடுமுறை நாள், மின்தேவை குறைவு, கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம், கனமான டர்பைன்கள் சுழன்று தரும் நிதானம் குறைவு. அந்த நிலையில் ஒரு சின்ன அதிர்ச்சியைக்கூடத் தாங்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் விழுந்தன. நுரைச்சோலை அனல்மின்நிலையமும் நின்றுபோனதால் அடுத்த நாட்களில் முறைவைத்து மின்வெட்டு அமலானது. துணைமின்நிலைய வேலியை ஏறிக் கடக்க முடியாதபடி அமைப்பதும், மின்மாற்றியின் வெளித்தெரியும் முனைகளுக்கு உறை மாட்டுவதும் இதோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு.

யானை

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தைப் பேசினால் தர்மபுரியைத் தாண்டிப் போக முடியாது. 2023 மார்ச் 7 அதிகாலையில், மாரண்டஅள்ளி அருகே ஒரு விளைநிலத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சியிருந்த வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட்டத்திலிருந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. காட்டுப்பன்றியை விரட்டப் போட்ட கம்பி அது. அதே மாதம் 18-ம் தேதி அதே மாவட்டத்தில் கம்பைநல்லூர் அருகே இன்னொரு யானை இறந்தது. அது மேடேறும்போது தலைக்கு மேலே போன மின்கம்பியைத் தொட்டுவிட்டது. அந்தக் காட்சி செல்போன்களில் சுற்றியது.

பதினொரு நாள் இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்து ‘மின்சாரம் தாக்கி யானை பலி’ என்று ஒரே தலைப்பில் போட்டார்கள். இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள், பொறுப்பாளிகளும் வேறு வேறு. முதலாவதில் ஒரு தனிமனிதர் செய்த குற்றம் இருக்கிறது. இரண்டாவதில் கம்பியின் உயரம் இருக்கிறது.

உயரத்தை முதலில் பார்ப்போம். இந்திய மின்பாதுகாப்பு விதிகள்படி 11 கிலோவோல்ட் வெற்றுக் கம்பி சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சாலையோரமாகப் போனால் 5.8 மீட்டர். சாலை இல்லாத மற்ற இடங்களில், அதாவது வயலிலும் தரிசிலும், 2010-ம் ஆண்டு விதிமுறைகள் கேட்டது 4.6 மீட்டர்தான். சாலையில் பாரம் ஏற்றிய லாரி போகும் என்பதால் அங்கே உயரம் கூடுதல். வயலில் மனிதன் மட்டும்தான் நடப்பான் என்று நினைத்ததால் அங்கே குறைவு. வளர்ந்த ஆண் யானையின் தோள் உயரமே மூன்று மீட்டரை நெருங்கும். தலையைத் தூக்கித் துதிக்கையை உயர்த்தினால் 5 மீட்டருக்கு மேல் எட்டும். ஆக, விதியைத் துளியும் மீறாமல் போட்ட கம்பிகூட யானைக்குக் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கிறது!

நடைமுறையில் கம்பி அந்த உயரத்திலும் நிற்பதில்லை. வெயிலில் அலுமினியம் நீளும். சுமை கூடினால் கம்பி சூடாகி இன்னும் தொய்யும். கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி அறுந்து கம்பம் சாயும். சில இடங்களில் கம்பி அப்படியே இருக்க, தரை உயர்ந்துவிடும். ஏரிக்கரையைப் பலப்படுத்துவார்கள், சாலைக்கு மண் கொட்டுவார்கள், வயலுக்கு வரப்பு உயர்த்துவார்கள். கம்பிக்கும் தரைக்கும் நடுவே இருந்த தூரம் யாருக்கும் தெரியாமலேயே குறைந்துவிடும். கம்பைநல்லூர் யானை ஏறிய மேடு இதற்கு நேரடியான உதாரணம். 2018 அக்டோபரில் ஒடிசாவின் டெங்கனால் மாவட்டத்தில் கமலாங்கா கிராமத்துக்குப் பக்கத்தில் தாழ்வாகத் தொங்கிய 11 கிலோவோல்ட் கம்பியில் ஒரே இரவில் ஏழு யானைகள் இறந்தன. கூட்டமாக நடக்கும் விலங்கு என்பதால் ஒரு தொய்ந்த கம்பி ஒரு குடும்பத்தையே முடித்துவிடுகிறது. கென்யாவில் 2021-ல் சொய்சாம்பு சரணாலயத்தில் மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் தாழ்வான மின்கம்பியில் பட்டு இறந்ததும் இதே கதைதான். ஒட்டகச்சிவிங்கி நடமாடும் நிலத்தில் அதன் உயரத்துக்குக் கம்பி போட்டிருந்தார்கள்.

கம்பி அறுந்து தரையில் விழுந்தால் நிலைமை இன்னும் கடினம். விழுந்த இடத்தைச் சுற்றி மண்ணிலேயே மின்னழுத்தம் பரவி, தூரம் போகப் போகக் குறையும். நமக்கு இரண்டு காலுக்கும் நடுவே ஓரடி, இரண்டடிதான் இடைவெளி. மாட்டுக்கும் யானைக்கும் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே நிறைய தூரம் இருப்பதால், அந்த இரண்டு புள்ளிகளின் மின்னழுத்த வேறுபாடும் அதிகம். மின்சாரம் முன்னங்காலில் ஏறி நெஞ்சைக் கடந்து பின்னங்காலில் இறங்கும். கம்பியைத் தொடாமலேயே மாடுகள் செத்து விழுவது இப்படித்தான்.

அப்புறம் வேலி. இதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. ‘சோலார் வேலி’ என்று முறையாக விற்கப்படுவதும், வீட்டு இணைப்பிலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ நேராக ஒயர் இழுத்து வயலைச் சுற்றிக் கட்டுவதும் ஒன்றில்லை. சோலார் வேலியில் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். ஆனால் அது விட்டு விட்டு வரும். நொடிக்கு ஒரு முறை வாக்கில், ஒரு நொடியின் மிகச்சிறிய பகுதி நேரத்துக்கு மட்டும் ஒரு துடிப்பு, பிறகு ஓய்வு. அந்த ஓய்வில் விலங்கு விலகிவிடும். வலிக்கும், சாகாது. நேரடியாக இழுத்த 230 வோல்ட்டில் ஓய்வே கிடையாது. தசை இறுகி, இதயத் துடிப்பு தாறுமாறாகி, பிடித்த இடத்திலிருந்து விலக முடியாமல் போகும். எண் சின்னது என்பதால் ஆபத்து சின்னது என்று நினைத்துவிடக் கூடாது.

‘ஃபியூஸ் போய்விடாதா?’ என்று பலர் கேட்கிறார்கள். போகாது. உலர்ந்த மண்ணில் நிற்கும் உடல் வழியாகப் போகும் மின்சாரம் ஒரு மிக்சி இழுக்கும் அளவைக்கூடத் தாண்டாமல் இருக்கலாம். ஃபியூஸுக்கு அது சாதாரணச் சுமையாகவே தெரியும். எர்த்தில் கசியும் மின்சாரத்தைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவி இருந்தால் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே அணைத்துவிடும். மோட்டார் இணைப்புகள் எல்லாவற்றிலும் அது வேலை செய்யும் நிலையில் இருந்தால் இப்படி வேலி போடவே முடியாது. வேலியில் செடி உரசிய மறுகணம் அணைந்துவிடும். யானைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த வேலிகளில் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் சாகிறார்கள். இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போனவர் பக்கத்து வயல் வேலியில் விழுந்து இறந்த செய்தி நமக்குப் புதிதில்லை.

தமிழ்நாடு அரசு 2023-ல் மின்வேலிகளுக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. ஏற்கனவே உள்ள வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும், புதிதாகப் போட வனத்துறை அனுமதி வேண்டும், கருவி இந்தியத் தரநிர்ணயத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்கின்றன அவை. யானை, மயில் இரண்டுமே வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அவற்றைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. தண்டனை சரிதான். ஆனால் ஒரே இரவில் ஒரு போகத்தின் உழைப்பை இழக்கும் விவசாயிக்கு முறையான சோலார் வேலி மானியத்தில் கைக்குக் கிடைப்பதும், பயிர்ச்சேத இழப்பீடு காலத்தில் வருவதும்தான் ஒயரை எடுக்காமல் தடுக்கும் என்று நான் நம்புகிறேன். கைது நடப்பது யானை செத்த பிறகு.

மோதிச் சாகிறவை

இதுவரை சொன்னதெல்லாம் மின்சாரம் தாக்கி இறப்பது. பறவைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: கம்பியில் மோதி விழுவது. இது பெரும்பாலும் உயர்கோபுரத் தடங்களில் நடக்கும். அங்கே கம்பிகளுக்கு நடுவே இடைவெளி தாராளம், ஷாக் அடிக்காது. பறக்கும் வேகத்தில் மோதி எலும்பு முறிந்தே சாகும். கோபுரத்தின் உச்சியில் இடிதாங்கிக்காக ஓடும் எர்த் கம்பி மற்றவற்றைவிட மெல்லியது. தடிமனான கம்பிகளைப் பார்த்து மேலே எழும்பும் பறவை அந்த மெல்லிய கம்பியில் போய் இடித்துக்கொள்ளும்.

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில் எஞ்சியிருக்கும், தரையில் வாழும் பெரிய பறவையான கானமயில் இதற்குக் கொடுத்த விலை பெரிது. ஒரு காலத்தில் தமிழகம் வரை பரவியிருந்த பறவை. இன்று இந்தியாவில் 150-க்கும் குறைவு. ஆண் பறவை 15 கிலோ வரை இருக்கும், சட்டென்று திரும்ப முடியாது. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்க்கும் பரப்பு குறுகலானது. ஆப்பிரிக்காவில் வாழும் அதன் நெருங்கிய உறவுப் பறவையை வைத்து கிரஹாம் மார்ட்டினும் ஜெசிகா ஷாவும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, பறக்கும்போது தலையைச் சற்றுக் கீழே சாய்த்தாலே இவற்றுக்கு எதிரே இருப்பது பார்வையிலிருந்து மறைந்துவிடும் என்று காட்டியது. தரையில் இரையும் இடமும் தேடிக்கொண்டே பறக்கும் பறவை கீழேதான் பார்க்கும். கானமயில் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை இடும், ஆகவே இழப்பை ஈடுகட்ட வழியில்லை. தார் பாலைவனத்தில் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் எல்லாப் பறவைகளும் சேர்த்து ஆண்டுக்கு 84 ஆயிரம் அளவில் மின்தடங்களால் சாகின்றன என்று இந்திய வனஉயிரின நிறுவனம் மதிப்பிட்டது.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தப் பகுதியில் மின்தடங்களைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. சூரிய மின்சாரத் திட்டங்கள் பாதிக்கப்படும், மிக உயரழுத்தத் தடங்களைப் புதைப்பது தொழில்நுட்ப ரீதியாகக் கடினம் என்று ஒன்றிய அரசு வாதிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. இரு தரப்பு வாதத்திலும் உண்மை இருக்கிறது. நிலக்கரியை விட்டு வெளியேற வேண்டும், அதற்குப் பாலைவனத்துச் சூரியன் வேண்டும். ஆனால் 150 பறவைகள்கூட இல்லாத இனத்துக்கு இன்னொரு பாலைவனம் கிடையாது. தடம் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை வரைபடத்தில் கோடு போடும் முன்பே பேசியிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது என்பது என் எண்ணம். கம்பியில் சுழலும் அல்லது மின்னும் தகடுகளை மாட்டுவது மோதலைக் குறைக்கும். முழுதாகத் தடுக்காது, கானமயில் போன்ற கண்ணமைப்பு உள்ள பறவைக்கு அதன் பலன் இன்னும் குறைவு.

செய்து பார்த்தவர்கள்

ஸ்பெயினின் டோனானா தேசியப் பூங்காப் பகுதியில் அந்நாட்டின் அரிய பேரரசக் கழுகுகள் மின்கம்பங்களில் செத்துக்கொண்டே இருந்தன. எல்லாக் கம்பமும் ஒரே அளவு ஆபத்தானது இல்லை, சில வகைக் கம்பங்களே பெரும்பாலான சாவுக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தக் கம்பங்களை மாற்றியமைத்ததும் மின்சாரத்தால் சாகும் கழுகுகள் வெகுவாகக் குறைந்தன. 2008-ல் ஸ்பெயின் இதை நாடு தழுவிய அரசாணையாகவே கொண்டுவந்தது. தென்னாப்பிரிக்காவில் மின்நிறுவனமான எஸ்காமும் அழிந்துவரும் வனஉயிர்களுக்கான அறக்கட்டளை ஒன்றும் 1996 முதல் கைகோத்து வேலை செய்கின்றன. எங்கே எந்தப் பறவை செத்தாலும் பதிவாகிறது, அந்தப் பதிவை வைத்து எந்தக் கம்பத்தை முதலில் சரிசெய்வது என்று முடிவாகிறது.

நம்மிடம் இல்லாதது அந்தப் பதிவு. யானை தவிர மற்ற விலங்குகள் மின்சாரத்தில் செத்தால் எழுதி வைக்கும் ஏற்பாடு எதையும் நான் பார்த்ததில்லை. லைன்மேனுக்குத்தான் எந்தக் கம்பத்தில் மாதம் ஒரு மயில் விழுகிறது என்று தெரியும். பழுது பார்க்கும் குறிப்பில் ‘பறவை’ என்று எழுதுவதோடு எந்தப் பறவை, எந்தக் கம்பம், கம்பி அடுக்கா பக்கவாட்டா என்ற மூன்றை மட்டும் சேர்த்து எழுதச் சொன்னால், ஓர் ஆண்டிலேயே எந்தக் கம்பங்களுக்கு உறை மாட்டுவது, எங்கே சட்டத்தை மாற்றுவது என்பது தெரிந்துவிடும். எல்லாக் கம்பத்தையும் மாற்றும் செலவு யாராலும் முடியாது. கொல்லும் கம்பங்களைக் கண்டுபிடித்து மாற்றுவது முடியும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்தில் யானை நடமாடும் வருவாய்க் கிராமங்களில் கம்பிக்குத் தரையிலிருந்து உள்ள உயரத்தை ஆண்டுக்கு இரு முறை அளப்பதும் அப்படித்தான்.

பொதுமக்கள் செய்யக்கூடியதும் உண்டு. தாழ்ந்த கம்பி, சாய்ந்த கம்பம், வயலில் நேரடி மின்சாரம் பாய்ச்சிய வேலி எது கண்ணில் பட்டாலும் தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். கம்பத்தில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் எண்ணையும் பக்கத்து டிரான்ஸ்பார்மரின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. வேலி விஷயம் என்றால் வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டும். கம்பியில் சிக்கிய விலங்கு உயிரோடு இருந்தாலும் மின்சாரத்தை நிறுத்தியது உறுதியாகும்வரை பக்கத்தில் போகக் கூடாது, மூங்கில் கழியால் தள்ளிவிடவும் கூடாது. கம்பி தரையில் கிடந்தால் குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, அந்தப் பக்கமாக மாடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்களை நிறுத்துங்கள்.